யானை யவா, லாரி லவா?

எங்கள் அலுவலகச் சுவரில் இரண்டே சொற்கள் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும்: துல்லியம், முழுமை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆணி. தலைமை எழுத்தர் அதில் தன் குடையை மாட்டுவார். மழை நாட்களில் விரித்தே மாட்டி உலர்த்துவார். அன்றைக்கெல்லாம் துல்லியம் மறைந்துவிடும், முழுமை மட்டும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு மழை நாளில்.

ராணுவத்தின் இழப்பு அறிக்கைப் பிரிவு அது. போர்முனையில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் எங்களிடம் படிவமாக வந்து சேரும். சரிபார்த்து, முத்திரை குத்தி, அந்த ஆளின் வீட்டுக்குத் தெரிவிப்பது எங்கள் வேலை. காயம் என்றால் அஞ்சலில் கடிதம். காணவில்லை என்றால் தந்தி. இறந்துவிட்டார் என்றால் ஓர் அதிகாரி நேரில் போவார். அவரை நாங்கள் தொப்பி என்போம். அவர் தொப்பியை அணிந்துகொண்டு ஜீப்பில் ஏறினால் போகிற தெருவெல்லாம் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். மற்றபடி தங்கமான மனிதர். ஜீப் வரும்வரை தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார், ஏதோ சுடுகிற பாத்திரம் மாதிரி.

தலைமை எழுத்தருக்கு நாங்கள் வைத்த பெயர் விதி. எதைக் கேட்டாலும் "விதி என்ன சொல்லுதுன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் "எல்லாம் விதி" என்று சத்தமாகவே புலம்பலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் அங்கே சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு சீர்திருத்தம் செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது.

படிவத்தில் 'நிலை' என்று ஒரு வரி உண்டு. எழுத்துக்கு ஒரு கட்டமாக ஏழு கட்டங்கள். உயிரிழந்தார், ஏழு. காயமடைந்தார், ஏழு. காணவில்லை மட்டும் ஐந்து எழுத்து, இரண்டு கட்டம் சும்மா கிடக்கும். எதுவும் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அந்த அலுவலகத்தில் சும்மா இருக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. ஆகவே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். உயிரிழந்தார் என்பதைக் காலமானார் என்று மாற்றலாம். காயமடைந்தாரைக் காயமானார் ஆக்கலாம். மூன்றுக்கும் ஐந்தே கட்டம் போதும். அது மட்டுமல்ல, மூன்றும் 'கா'வில் தொடங்குவதால் முதல் கட்டத்தை அச்சிலேயே போட்டுவிடலாம். முனையில் இருக்கும் எழுத்தர்களுக்கு ஓர் எழுத்து மிச்சம்.

மேலிடம் நெகிழ்ந்துபோய் எனக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தது. 'துல்லியம்' என்ற சொல்லுக்கு நேர் கீழே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினோம். காலமானாருக்கும் காயமானாருக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது மேலிடத்துக்கும் தோன்றவில்லை, விதிக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தால் சான்றிதழ் கிடைத்திருக்காது.

இனி கோழி. முனையில் ஒரு படைப்பிரிவின் எழுத்தர். அந்தப் படைப்பிரிவின் படிவங்கள் எல்லாம் அவர் கையால் வரும். மையில் கால் நனைத்த கோழி படிவத்தின் மேல் நடந்து போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அவர் எழுத்து. இரண்டு வருடமாக அதைப் படித்துப் பழகிய ஒரே ஆள் நான். சோம்பேறித்தனத்தில் எனக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அடுக்கிவைத்துவிட்டு, வாரம் முழுக்க மேலே மட்டும் நிரப்புவார். ஒருமுறை மேலே நிரப்ப மறந்து ஒன்று வந்தது: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அடியில் கையெழுத்து. அந்த மாதத்தில் வந்தவற்றிலேயே நல்ல செய்தி அதுதான்.

அவர் எழுத்தைத் திருத்த முடியாது என்று முடிவுசெய்து, போன மாதம் அவருக்கு ஒரு தட்டச்சுப் பொறி அனுப்பச் சொல்லி நானே பரிந்துரைத்தேன். இருபது கிலோ. இரும்பு. போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

கோழியின் மனைவி எங்கள் ஊரிலேயே தையல் கடை வைத்திருந்தார். வியாழன்தோறும் மூன்று மணிக்கு, கழுத்தில் அளவு நாடாவோடு எங்கள் கவுன்டரில் வந்து நிற்பார். கையில் புருஷன் எழுதிய கடிதம் இருக்கும்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கோழின்னு பேர் வெச்சிருக்கீங்களாமே. கோழி கிளறினாக்கூட ஒரு புழு கிடைக்கும். எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

நான் படிப்பேன். படிக்க முடிந்தவரை படிப்பேன். முடியாத இடங்களில் நிறுத்தினால் அந்த அக்காவின் முகம் தொங்கிப் போகும். அதனால் நிறுத்த மாட்டேன். "இங்கே நிலா வரும்போதெல்லாம் உன் ஜன்னல் ஞாபகம் வருகிறது" என்பது போல ஒரு வரி போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடுவேன். கடிதம் முழுமையாக இருக்கும்.

அந்த வியாழன், நண்பகல் பன்னிரண்டுக்கு ஒரு படிவம் வந்தது. கோழியின் படைப்பிரிவு. பெயர் இருந்த இடத்தில் கோழியின் சொந்தப் பெயர். அடியில், அறிக்கை செய்தவர் கையெழுத்து, அதுவும் கோழி. நிலை: அச்சில் ஒரு 'கா', அதற்கடுத்த கட்டத்தில் ஏதோ ஒன்று, பிறகு 'மானார்'. அதற்குக் கீழே காயத்தின் இடம், காயத்தின் விவரம் எல்லாம் காலி.

அந்த இரண்டாம் கட்டத்தை நான் நேராகப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ய என்று நினைத்துப் பார்த்தால் ய. ல என்று நினைத்துப் பார்த்தால் ல.

விதியிடம் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியில் அதே சந்தேகம் பெரிதாகத் தெரிந்தது.

"விதி என்ன சொல்லுதுன்னா," என்றார், "காலமானவருக்குக் கீழ்க் கட்டங்களை நிரப்பத் தேவையில்லை. இங்க நிரப்பல. அப்போ ஆள் காலி."

"சார், கோழி சோம்பேறித்தனத்துல விட்டிருப்பாரு சார். அவர் என்னிக்கு நிரப்பினாரு?"

"காயம்னா நிரப்பணும். நிரப்பலைன்னா முழுமை இல்ல, திருப்பி அனுப்பணும். போய்ட்டு வர பதினோரு நாள். காலம்னா இப்படியே முழுமை. படிவம் முழுமையா இருக்கறப்போ அதைக் காயம்னு சொல்லி நீ ஏன்யா குறையாக்கற?"

"சார், அறிக்கை அனுப்பினதே அவர்தான். செத்தவர் எப்படி சார் படிவம் நிரப்புவாரு?"

விதி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "செத்தவர் நிரப்பக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

"சார்!"

"சரிய்யா, கோவிச்சுக்காத. கையெழுத்து முன்கூட்டியே போட்டு வெச்சதுதானே? மேல பக்கத்துல இருந்த எவனோ நிரப்பியிருப்பான்."

"இப்படி வேற யாரால சார் எழுத முடியும்?"

"ரெண்டு வருஷம் அவர்கூட உக்காந்திருந்தா எவனுக்கும் ஒட்டிக்கும். நாலு மணிக்கு ஜீப். தொப்பி சார்கிட்ட சொல்லிடு."

செய்தி வந்த நாலு மணி நேரத்துக்குள் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதும் விதிதான்.

தொலைபேசியை எடுத்தேன். முனை மருத்துவமனைக்கு இணைப்புக் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுத்தது ஒரு வார்டு சிப்பாய். அதிகாரிகள் எது கேட்டாலும் ஆமாம் சொல்லியே வாழ்க்கையில் முன்னேறியவன் என்று குரலிலேயே தெரிந்தது.

"உங்ககிட்ட இருக்கற எழுத்தர் காயமானாரா, காலமானாரா?"

"ஆமாங்க சார்."

"எதுக்குய்யா ஆமா?"

"நீங்க சொன்னதுக்கு சார்."

"நான் ரெண்டு சொன்னேன்."

"ரெண்டுக்கும் ஆமா சார்."

"யோவ், எழுத்தைச் சொல்லு. யானை யவா, லாரி லவா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். "யானை இங்க இல்லைங்க சார். லாரி நேத்தே கிளம்பிடுச்சு."

"ஆளைப் போய்ப் பாருய்யா! மூச்சு இருக்கான்னு பாரு!"

"பார்த்துட்டுக் கூப்பிடறேன் சார்," என்றான். இணைப்புத் துண்டித்தது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விதி தலையை ஆட்டினார். "லாரின்னுதானே சொன்னான்? ல."

மணி மூன்று. கவுன்டர் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். அளவு நாடா, கையில் கடிதம்.

ஒரு வருடமாக இந்த அக்காவிடம் நிலாவை விற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது என் ஐந்து கட்டப் படிவத்தால் இவர் வீட்டு வாசலில் ஜீப் நிற்கப்போகிறது. ஒருவேளை உண்மையாகவே நிற்க வேண்டிய ஜீப்தானோ என்னவோ; அதுகூட எனக்குத் தெரியவில்லை.

உள்ளே தொப்பி கண்ணாடி முன் நின்று "மிகுந்த வருத்தத்துடன்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். கவுன்டரில் நிற்பது யார் என்று சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"இங்கயே சொல்லிடலாமா?" என்றார் மெதுவாக. "உக்கார வெச்சு, தண்ணி குடுத்து..."

"முடியாது சார்," என்றார் விதி. "விதி என்ன சொல்லுதுன்னா, வீட்டு வாசல்ல நின்னுதான் சொல்லணும். வேணும்னா அவங்களை நம்ம ஜீப்லயே ஏத்திக்கிட்டுப் போய் வீட்ல விட்ருங்க. பஸ்ஸுல தொங்க வேண்டாம் பாருங்க. அவங்க உள்ள போய்க் கதவைச் சாத்தினதும் தட்டுங்க."

தொப்பி அவரைப் பார்த்த பார்வையைப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. ஒரு மை ஒற்றும் அட்டையை எடுத்து, பிளேடால் நடுவில் ஒரு சதுரம் வெட்டினேன். படிவத்தின் மேல் வைத்தால் இரண்டாம் கட்டம் மட்டும் தெரியும்; பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, ஒரே ஓர் எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். பின்னாலேயே விதி வந்தார். அவர் பின்னால் தொப்பி.

"என்ன தம்பி, இன்னிக்கு ஊர்வலமா வர்றீங்க?"

"அக்கா, கடிதம் அப்புறம் படிக்கறேன். ஒரு சின்ன உதவி. இது என்ன எழுத்துன்னு சொல்லுங்க."

"கிறுக்கலைப் படிக்கத் தெரியலன்னுதானே உங்ககிட்ட வர்றேன்?"

"சும்மா பாருங்கக்கா. எங்களுக்குள்ள ஒரு பந்தயம்."

அக்கா அட்டையைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். தொப்பி தரையைப் பார்த்தார்.

"தலையைச் சாய்ச்சுப் பாருங்க," என்றார் அக்கா. "இந்தப் பக்கம் இல்ல, இடது பக்கமா. ம். இப்போ என்ன தெரியுது?"

நாங்கள் மூவரும் வரிசையாக நின்று இடது பக்கம் தலையைச் சாய்த்தோம். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, தபாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ய. சந்தேகமே இல்லாத, குழந்தைகள் சிலேட்டில் எழுதுகிற ய.

"ய தான்," என்றார் அக்கா. "எழுத்து மல்லாந்து படுத்திருக்குது, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் இடது கையால எழுதினா இப்படித்தான் சாயும்."

"இடது கையா?"

"ஒரு தடவை என் மிஷின் ஊசி அவர் வலது கையில ஏறிடுச்சு. ரெண்டு வாரம் கடையில அளவு நோட்டை இடது கையாலதான் எழுதினாரு. மல்லாந்து இருந்தாலும் தெளிவா இருந்துச்சு. வலது கையில எழுதின காலத்துல முப்பத்தி ரெண்டு இடுப்பு, முப்பத்தி ஏழா மாறி ஒருத்தருக்குப் பேன்ட் நடுரோட்டுல கழண்டுடுச்சு. ஊசி குத்தின ரெண்டு வாரமும் ஒரு புகார் இல்ல."

என் தலை இன்னும் சாய்ந்தேதான் இருந்தது. கோழி இடது கையால் எழுதியிருக்கிறார். கையெழுத்து வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வலது கையால் போட்டு வைத்தது. இந்த எழுத்து வலது கைக்கு ஏதோ ஆன பிறகு எழுதியது. அப்படியென்றால் ஆனதற்குப் பிறகும் ஆள் இருந்திருக்கிறார். உட்கார்ந்து, எங்கள் படிவத்தை எடுத்து, நாலு எழுத்து எழுதி, கை வலித்து, மீதியைக் காலியாக விட்டிருக்கிறார்.

நான் விதியைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் தப்பாகப் போயிற்று.

அக்கா சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தார். பிறகு தொப்பியின் கையைப் பார்த்தார்.

"அவர் எதுக்குத் தொப்பியைக் கையில வெச்சிருக்காரு?"

"வெயில்," என்றார் தொப்பி. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"தம்பி. வலது கைக்கு என்ன ஆச்சு?"

அட்டையை எடுத்தேன். வேறு வழியில்லை. அக்கா பெயரைப் பார்த்தார். பிறகு 'காயமானார்' என்பதை ஒவ்வோர் எழுத்தாகத் தலையைச் சாய்த்து வாசித்தார். கவுன்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், திரும்பச் சுற்றினார்.

"இதை லன்னு படிச்சுட்டுத்தானே அந்தத் தொப்பி?"

தொப்பி அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"காயம்னு மட்டும் எழுதினா ஆச்சா? எங்க காயம், எவ்வளவு காயம், ஒண்ணும் இல்லையே. சட்டை தைக்கக் குடுத்துட்டு அளவு சொல்லாமப் போற மாதிரி. எழுதுங்க, நான் சொல்றேன். காயத்தின் இடம்: வலது கை."

"அம்மா, விதி என்ன சொல்லுதுன்னா, முனையில இருக்கறவர்தான்..."

"விதி என் வீட்டு வாசல் வரைக்கும் வரப் பார்த்துச்சே, அது போதும். எழுதுங்க."

விதி எழுதினார். என் பணிக்காலத்தில் அவர் விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிய ஒரே வரி அது.

எழுதி முடிக்கும்போது தொலைபேசி அடித்தது. வார்டு சிப்பாய். "சார், நீங்க கேட்டவர் மூச்சு விடறார் சார். நிறைய விடறார். உங்களைத் திட்டணும்ங்கிறார், குடுக்கட்டுமா?"

"ஆமா," என்றேன்.

"எவன்யா அந்த இரும்புப் பிசாசை எனக்கு அனுப்பினது?" என்று கோழி இங்கே நால்வருக்கும் கேட்கும்படி கத்தினார். "லாரியிலேர்ந்து இறக்கறப்போ நேரா என் கை மேல விழுந்துடுச்சு. மூணு விரல்! அதுக்கு மேல ஒரு படிவம் வேற நிரப்பணுமாம். ஹலோ? யாரு லைன்ல?"

நான் ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். துல்லியமான பதில் சொல்ல நான் அப்போது தயாராக இல்லை.

அக்கா பேசிய எட்டு நிமிடத்தில் ஏழரை நிமிடம் திட்டினார். மீதி அரை நிமிடம் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். தொப்பி தொப்பியை ஆணியில், குடையின் மேல் மாட்டிவிட்டு, எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரிசீவரை வைத்ததும் அக்கா சுவரைப் பார்த்தார். சான்றிதழைப் படித்தார். எப்போதும் இல்லாத தெளிவோடு படித்தார்.

"எத்தனை கட்டம் மிச்சம் புடிச்சீங்க தம்பி?"

"ரெண்டுக்கா."

"சட்டையில ரெண்டு அங்குலம் மிச்சம் புடிச்சா என்ன ஆகும் தெரியுமா? பட்டன் போட முடியாது." அவ்வளவுதான் சொன்னார்.

ஏழு கட்டப் படிவம் திரும்பி வந்தது. ஆனால் ஐந்து கட்டத்தில் ஏற்கெனவே நாலாயிரம் அச்சடித்திருந்தோம். தீரும்வரை வீணாக்கக் கூடாது என்று விதி ஒரு சுற்றறிக்கை விட்டார்: இரண்டாம் எழுத்தைத் தெளிவுபடுத்த ஓரத்தில் 'யானை' அல்லது 'லாரி' என்று எழுதவும். கோழி தன் படிவத்தைச் சரிசெய்து மறுபடி அனுப்பினார். எழுத இடது கை வலித்ததால் ஓரத்தில் யானையை வரைந்துவிட்டார். நல்ல யானை. தந்தம் வரையவில்லை என்பதால் இதை முழுமையான யானையாக ஏற்கலாமா என்று விதி ஒரு நாள் யோசித்தார்.

இரண்டு வாரம் கழித்து, வியாழன் மூன்று மணிக்குக் கவுன்டர் மணி அடித்தது. அக்கா. கடிதத்தை நான் வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"இனிமே நீங்க படிக்க வேண்டாம் தம்பி. இது இடது கையில எழுதினது, நானே படிச்சுட்டேன். ஆனா ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

"போன வருஷம் பூரா நிலா, ஜன்னல், மழைத்துளின்னு எழுதின மனுஷன், இந்தக் கடிதத்துல செருப்பு அறுந்துடுச்சு, ஒண்ணு வாங்கி அனுப்புன்னு எழுதியிருக்காரு. அஞ்சு தடவை கேட்டும் அனுப்பலைன்னு கோவமா வேற இருக்காரு. நிலாவைப் பத்தி அன்னிக்கு ஃபோன்ல கேட்டேன். எந்த நிலான்னு கேக்கறாரு."

அக்கா பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். போன வருடத்துக் கடிதங்கள், எல்லாம் வலது கை, அளவு நாடாவால் கட்டியிருந்தது.

"உக்காருங்க," என்றார். "மொதல்லேர்ந்து. எழுதியிருக்கறதை மட்டும்."

நான் முதல் கடிதத்தைப் பிரித்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், பயனில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி வந்து, ஒவ்வோர் எழுத்தாக, நிலாவைப் போட்டு நிரப்பியிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சத்தமாகப் படித்தேன்:

"செருப்பு. ஒன்பதாம் நம்பர்."